ஓசூருக்கு ஒரு யு, சூளகிரிக்கு இரண்டு ஓ

நம் ஓசூரை ஆங்கிலத்தில் எழுத எச், ஓ, எஸ், யு, ஆர் என்று ஐந்து எழுத்து போதும். ‘சூ’ என்ற நெடிலுக்கு ஒரே ஒரு யு. நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரியை நோக்கி சுமார் 25 கிலோமீட்டர் போனால் சூளகிரி. அங்கே அதே ‘சூ’வுக்கு இரண்டு ஓ போட்டிருக்கிறார்கள். எதிர்த்திசையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர். பழைய பலகைகளில் அதன் வால் ஓ-ஆர்-ஈ, புதிய பலகைகளில் யு-ஆர்-யு. வேலூரும் கடலூரும் இன்றுவரை ஓ-ஆர்-ஈ தான். ‘ஊர்’ என்ற ஒரு சின்னச் சொல்லுக்கு எத்தனை வேஷம் பாருங்கள்.

இதைச் சொன்னால் நண்பர்கள், “இங்கிலீஷே அப்படித்தான் சார், அதுக்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாது” என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நான் பள்ளியில் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். தமிழ் வீட்டில், பிரெஞ்சு பள்ளியில், ஆங்கிலம் மூன்றாவதாக வந்து சேர்ந்தது. 1974-இல் அரசு எழுத்தராக இந்த ஊருக்கு வந்த பிறகுதான் நாள் முழுக்க ஆங்கிலக் கோப்புகளோடு குடித்தனம். பிரெஞ்சில் எழுத்துக்கூட்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும், விதி தெரிந்துவிட்டால் பெரும்பாலான சொற்களைத் தப்பில்லாமல் வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் அது முடியாது. ஏன் முடியாது என்ற கேள்வி எனக்கு ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. (ஆங்கில எழுத்துகளை இங்கே அவற்றின் பெயராலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். எழுத்தின் பெயர் வேறு, அது தரும் ஒலி வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.)

அந்தப் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். ஏ, ஈ, ஐ என்று நாம் சொல்கிற மூன்று எழுத்துகளின் பழைய ஒலி ஆ, ஏ, ஈ. லத்தீனில் அப்படி, இத்தாலிய மொழியில் இன்றும் அப்படி. புதுச்சேரியில் எங்களுக்கு அகரவரிசை சொல்லிக்கொடுத்தபோது முதல் எழுத்தின் பெயர் ‘ஆ’, ஒன்பதாவது எழுத்தின் பெயர் ‘ஈ’. ஆங்கிலேயர்களும் ஒரு காலத்தில் அந்த ஒலியில்தான் இருந்தார்கள். 1400-லிருந்து 1700 வரை, ஏறத்தாழ 300 ஆண்டுகளில், அவர்கள் வாயில் நெடில் உயிர்கள் ஒவ்வொன்றும் ஒரு படி மேலே ஏறின. பெரும் உயிரொலி மாற்றம் என்று இதைச் சொல்கிறார்கள். பெயர் வைத்தவர் ஓட்டோ எஸ்பர்சன் என்ற டென்மார்க் அறிஞர்.

‘நாமெ’ என்று சொல்லிவந்தது ‘நேம்’ ஆனது. நம் நாமத்துக்கும் அதற்கும் தூரத்து உறவு உண்டு. பழைய உச்சரிப்பில் அந்த உறவு முகத்திலேயே தெரிகிறது. பாதங்களுக்கு அவர்கள் சொன்ன ‘ஃபேட்’, ‘ஃபீட்’ ஆனது. நிலவுக்கான ‘மோன்’, ‘மூன்’ ஆனது. ஏற்கெனவே உச்சிப்படியில் இருந்த ஈயும் ஊவும் மேலே போக இடமில்லாமல் உடைந்தன. ‘டீம்’ என்ற காலம் ‘டைம்’ ஆயிற்று, ‘ஹூஸ்’ என்ற வீடு ‘ஹவுஸ்’ ஆயிற்று. கூட்டமான பேருந்தில் பின்னாலிருந்து தள்ளினால் முன்னால் நிற்பவர் படிக்கட்டில் தொங்குவாரே, அதுபோல.

இதற்கு நடுவில்தான் 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அவர் கோத்தது கையெழுத்துக்காரர்கள் எழுதிப் பழகிய எழுத்துக்கூட்டு. அச்சு வந்ததும் எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது, ஒலி நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755-இல் வந்தபோது எழுத்தும் ஒலியும் பிரிந்து வெகுதூரம் போயிருந்தன. ஆக, ஒவ்வொரு எழுத்துக்கூட்டும் அது உறைந்த காலத்தில் சரியாகத்தான் இருந்திருக்கிறது. நம் சேவைப் பதிவேட்டில் முப்பது வருஷத்துக்கு முந்தைய முகவரி இருப்பதில்லையா? ஆள் வீடு மாறிவிட்டார், பதிவு மாறவில்லை.

இந்த மாற்றத்தின் இரண்டு காலமும் நம் அடுப்படியிலேயே இருக்கின்றன. சீன ஹொக்கியன் பேச்சில் ‘தே’. பிரெஞ்சில் ‘தே’. ஆங்கிலத்திலும் 17-ஆம் நூற்றாண்டில் ‘டே’ என்றுதான் சொன்னார்கள். ஈ-ஏ என்று சேர்த்து எழுதியது அந்த ஒலிக்காக. அப்புறம் அது ‘டீ’ ஆகிவிட்டது. தமிழில் ‘தேயிலை’ என்னும்போது பழைய ஒலியையும், ‘ஒரு டீ போடுப்பா’ என்னும்போது புதிய ஒலியையும் சொல்கிறோம். எல்லா ஈ-ஏ சொற்களும் இப்படி ஏறிவிடவில்லை. ‘கிரேட்’, ‘பிரேக்’, ‘ஸ்டேக்’ மூன்றும் பழைய படியிலேயே நின்றுவிட்டன. ‘பிரெட்’, ‘ஹெட்’ இரண்டும் நடுவழியில் குறிலாகிவிட்டன.

இரண்டு ஓ-வின் கதையும் இதே ஜாதி. ‘ஃபூட்’, ‘குட்’, ‘பிளட்’ (சாப்பாடு, நல்லது, ரத்தம்) மூன்றிலும் நடுவில் இரண்டு ஓ, மூன்றிலும் வேறு வேறு ஒலி. ஒரு காலத்தில் மூன்றும் நீண்ட ‘ஓ’. பிறகு மூன்றும் ‘ஊ’ ஆயின. ரத்தம் முதலில் குறுகி ‘உ’ ஆனது. அந்தக் காலத்து ‘உ’க்கள் எல்லாம் ‘அ’ பக்கம் சாய்ந்தபோது இதுவும் சேர்ந்து சாய்ந்தது. நல்லது தாமதமாகக் குறுகியதால் அந்தக் கூட்டத்தில் மாட்டாமல் ‘உ’வாகவே தங்கியது. சாப்பாடு குறுகவே இல்லை.

இனி பிரெஞ்சுக்காரர்கள் பங்கு. 1066-இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அவர்கள் வழக்கப்படி ‘ஊ’ ஒலியை ஓ-யு என்ற இரண்டு எழுத்தால் எழுதும் பழக்கம் ஆங்கிலத்திலும் ஏறியது. ‘ஹூஸ்’ என்ற சொல்லில் ஓ-யு புகுந்தது அப்படித்தான். ஒலி பின்னால் ‘ஹவுஸ்’ என்று மாறியது. ஆனால் ‘சூப்’, ‘குரூப்’ போன்றவை அந்த மாற்றமெல்லாம் முடிகிற நேரத்தில், 17-ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சிலிருந்து புதிதாக வந்து இறங்கியவை. அதனால் அவற்றில் ஓ-யு இன்னும் ‘ஊ’. ‘போலீஸ்’ என்பதில் வரும் ஐ எழுத்தும் அப்படியே, பிரெஞ்சு ஒலியை விடாமல் வைத்திருக்கிறது. (நோட்டீஸ், ஆபீஸ் என்று நாம் அதே மாதிரி நீட்டுகிறோம். வெள்ளைக்காரர் அந்த இரண்டையும் குறிலாகத்தான் சொல்வார். நம் நீட்டல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.)

விதிகளே இல்லை என்பவர்களுக்கு நம் சிப்காட் பக்கமே ஓர் உதாரணம் இருக்கிறது. டைட்டன் கடிகாரக் கம்பெனியை 1984-இல் டாடா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கின. டைட்டன், டிட்கோ இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே இரண்டு எழுத்தில் தொடங்குகின்றன. ஒன்றை ‘டை’ என்கிறோம், மற்றதை ‘டி’ என்கிறோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனாலும் யாரும் தடுமாறுவதில்லை. அசை உயிரெழுத்தில் திறந்து முடிந்தால் நெடில், மெய்யெழுத்து வந்து கதவைச் சாத்தினால் குறில் என்பதுதான் விதி. ஓசூரின் ஓ எழுத்து திறந்த அசையில் நிற்கிறது, அதனால் ‘ஹோ’. சிப்காட்டின் ஓ எழுத்து சாத்திய அசையில் நிற்கிறது, அதனால் ‘காட்’. விதிவிலக்கு உண்டா என்றால், ‘சிட்டி’யும் ‘ரிவ’ரும் ‘செவ’னும் வந்து நிற்கும்.

சொல்லின் கடைசியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஈ எழுத்தும் இதே விதியின் மிச்சம். ‘ரேட்’ போன்ற சொற்கள் ஒரு காலத்தில் இரண்டு அசை. முதல் அசை திறந்திருந்ததால் நீண்டது. 1400 வாக்கில் கடைசி ஒலி தேய்ந்து மறைந்தது. எழுத்து மட்டும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ‘ஹேவ்’, ‘கிவ்’, ‘லவ்’ மூன்றிலும் அது நீட்டுவதில்லை, காரணம் வேறு. ஆங்கிலச் சொல்லை வி எழுத்தில் முடிக்கக் கூடாது என்ற வழக்கத்துக்காக அதை அங்கே நிறுத்தினார்கள்.

‘லவ்’ என்பதில் ஓ எழுத்து இருப்பதற்கும் ஒரு கதை உண்டு. பழைய கையெழுத்தில் யு, என், வி, எம் எல்லாம் ஒரே மாதிரி குத்துக்கோடுகள். யு-வை அடுத்து வி வந்தால் எது எதுவென்று தெரியாது. அதனால் யு-வை ஓ ஆக்கிவிட்டார்கள். ‘லவ்’, ‘கம்’, ‘சன்’ (மகன்) எல்லாம் அந்த வகை. எங்கள் புதுச்சேரியிலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள்: ‘பூதிச்சேரி’ என்று யு போட்டு எழுதியதை யாரோ என் என்று வாசித்துவிட்டதால்தான் ‘பாண்டிச்சேரி’ ஆயிற்று என்று. உண்மையோ பொய்யோ, கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்துப் பழகிய எந்த எழுத்தரும் நம்பிவிடுவார்.

இப்போது நம் ஊர்ப் பெயர்களுக்கு வரலாம். கம்பெனிக்காரர்கள் காதில் விழுந்ததைத் தங்கள் வழக்கப்படி எழுதினார்கள். 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால் அவர்கள் கைக்கு வந்த காலத்துக் காகிதங்களில் கிருஷ்ணகிரி ‘கிஸ்ட்னகெர்ரி’. சிரிக்க வேண்டாம், அதிலும் விதி இருக்கிறது. ஜி எழுத்துக்குப் பின்னால் ஈயோ ஐயோ வந்தால் ‘ஜ’ ஆகிவிடும் அபாயம் உண்டு; அதைத் தடுக்க நடுவில் ஓர் எச். உயிர் நீளாமல் இருக்க இரண்டு ஆர். வேலூர், கடலூர், மைசூர் எல்லாம் ஓ-ஆர்-ஈ ஆனதற்கும் காரணம் அவர்கள் காதும் வாயும்தான் என்பது என் கணிப்பு. ஆர் எழுத்துக்கு முன்னால் ஓவும் ஊவும் ஆங்கிலேயர் வாயில் கலந்துபோகும். கதவுக்கும் தரைக்கும் இரண்டு ஓ போட்டுவிட்டு ‘டோர்’, ‘ஃப்ளோர்’ என்கிறார்கள். ஏழைக்கான ‘புவர்’ என்ற சொல்லை இன்று அங்கே பலர் ‘போர்’ என்றே சொல்கிறார்கள்.

காதில் விழுந்தபடி எழுதுவது நிர்வாகத்துக்கு ஒத்துவரவில்லை. கல்கத்தாவில் இரண்டு கட்சி கிளம்பியது. நீதிபதி சர் வில்லியம் ஜோன்ஸ் 1788-இல் அச்சான தம் கட்டுரையில், மெய்யெழுத்துக்கு ஆங்கில ஒலி, உயிரெழுத்துக்கு இத்தாலிய ஒலி என்று வகுத்தார். அதில் ஊ-வுக்கு யு, ஈ-க்கு ஐ. நெடிலுக்கு மேலே ஒரு குறி. ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் இந்துஸ்தானி சொல்லிக்கொடுத்த ஜான் கில்கிறிஸ்ட், சாதாரண ஆங்கிலேயன் வாசிக்க வேண்டாமா என்று ஊ-வுக்கு இரண்டு ஓ, ஈ-க்கு இரண்டு ஈ போட்டார். 1870-களில் சர் வில்லியம் ஹண்டர் இம்பீரியல் கெஸட்டியருக்காக ஊர்ப் பெயர்களைத் திரட்டியபோது ஜோன்ஸ் கட்சி ஜெயித்தது. ஆனால் ஒரு சலுகை வைத்தார்: ஏற்கெனவே பிரபலமாகிவிட்ட பெயர்களைத் தொட வேண்டாம். அந்தச் சலுகையில் தப்பியவை வேலூரும் கடலூரும் பெங்களூரும். அவ்வளவு பேர் வாங்காத ஓசூர், பாகலூர், பர்கூர் எல்லாம் விதிப்படி யு-ஆர். சூளகிரி மட்டும் கில்கிறிஸ்ட் கட்சியின் வழக்கத்தில் நிற்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சண்டையில் இறங்கவே இல்லை. ஊ என்றால் ஓ-யு, முடிந்தது கதை. வில்லியனூர், பாகூர் இரண்டுக்கும் அவர்கள் காகிதத்தில் ஓ-யு-ஆர். கடலூரை ‘கூதலூர்’ என்று அதே வாலோடு எழுதினார்கள். முத்து, சுப்பிரமணியன், லட்சுமி எல்லாருக்கும் ஓ-யு. ராமசாமிக்கு நடுவில் இரண்டு எஸ், ஏனென்றால் இரண்டு உயிருக்கு நடுவில் ஒற்றை எஸ் வந்தால் பிரெஞ்சில் இசட் ஒலியாகிவிடும். ரெயூனியன் தீவில் இன்றும் அந்த இரண்டு எஸ்ஸோடு ராமசாமிகள் இருக்கிறார்கள். ஓசூர் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியிருந்தால் எச், ஓ, இரண்டு எஸ், ஓ-யு-ஆர் என்று எழுதி, எச்-சை வாசிக்காமல் விட்டு, ‘ஓசூர்’ என்று தமிழர் சொல்கிறபடியே சொல்லியிருப்பார்கள். இந்த எச் கன்னடத்தின் சொத்து. ஹொஸ ஊரு, புதிய ஊர். பழங்கன்னடத்தில் அது ‘பொஸ’. நம் ‘புது’வும் அதுவும் ஒரே வேர். புதுச்சேரியில் பிறந்து இன்னொரு புதூருக்கு வேலைக்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

2014 நவம்பர் 1-ஆம் தேதி கர்நாடக அரசு 12 ஊர்களின் ஆங்கிலப் பெயர்களை மாற்றியது. பெங்களூரு, மைசூரு, மங்களூரு, எல்லாவற்றுக்கும் யு-ஆர்-யு. ஜோன்ஸ் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தமிழ்நாட்டில் 2020 ஏப்ரல் 1-ஆம் தேதியிட்டு ஓர் அரசாணை. 1018 ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் ஒலிப்படி எழுத வேண்டும் என்று. ஜூன் மாதம் அது வெளியே வந்தபோது பொதுமுடக்கத்தில் வீட்டில் கிடந்த அத்தனை பேரும் வாசித்துச் சிரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே ஊ-வுக்கு இரண்டு ஓ. அதாவது கில்கிறிஸ்ட் கட்சி. கோயம்புத்தூருக்கு எழுத்துகள் நீண்டுகொண்டே போயின. வேலூருக்கு வி-க்குப் பின் இரண்டு ஈ, எல்-லுக்குப் பின் இரண்டு ஓ. ஆங்கிலம் படித்தவன் அதை ‘வீலூர்’ என்றுதான் வாசிப்பான். ஏ என்ற நெடிலைக் காட்ட ஈ எழுத்தை இரட்டித்தது ஒரு விதி. ஊ என்ற நெடிலுக்கு ஆங்கிலேயர் வழக்கத்தைக் கடன் வாங்கியது இன்னொரு விதி. ஒரே சொல்லில் இரண்டும். 1400-இல் இறந்த கவிஞர் சாசரிடம் அந்தப் பலகையைக் காட்டியிருந்தால், அவர் காலத்து ஒலிப்படி ‘வேலோர்’ என்று வாசித்திருப்பார்! பாதி சரி. அதே ஜூன் மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மூர்த்தி என்ற கடைநிலை ஊழியர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். சேவைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு இரண்டு ஓ. வங்கிப் புத்தகத்திலும் வாரிசுச் சான்றிதழிலும் ஒரு யு. ஜோன்ஸ் நெடிலுக்கு மேலே குறி போடச் சொன்னாரே, அந்தக் குறி எந்த அலுவலகத் தட்டச்சுப் பொறியில் இருந்தது? குறி போனதும் ‘மூ’வும் ‘மு’வும் ஒன்றாகிவிட்டன. குடும்ப ஓய்வூதியக் கோப்பு, “பெயர் மாறுபடுகிறது” என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. இரண்டும் ஒரே ஒலிக்கு வழங்கும் இருவேறு எழுத்துமுறை என்று நான் அரைப்பக்கக் குறிப்பு வைத்தேன். குறிப்பையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். உறுதிமொழிப் பத்திரம், இருவரும் ஒருவரே என்ற சான்று, அதற்கு இரண்டு சாட்சி என்று ஏழு மாதம் ஓடியது. அந்த அம்மா கெலமங்கலம் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு பேருந்தில் வந்து போனார். “எங்க வீட்டுக்காரரு ஒருத்தருதானே சார்?” என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. தமிழோ ஆங்கிலமோ அவருக்கு எழுதத் தெரியாது, எல்லாவற்றிலும் கைநாட்டுதான்.

ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து மாறினால் பலகை மட்டும் மாறாது. பத்திரம், பட்டா, பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு எல்லாம் பின்னாலேயே வரும். கர்நாடகத்தில் மாற்றியது 12 ஊர். அங்கேயும் மைசூர் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பெயரில் பழைய ஓ-ஆர்-ஈயை விடவில்லை. எங்கள் பக்கம் 2006-இல் பாண்டிச்சேரி அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனது, ஆனால் அடுத்தாற்போல் உள்ள உழவர்கரை நகராட்சிக்கு ஆங்கிலத்தில் இன்றும் பிரெஞ்சுக்காரர் வைத்த எழுத்துக்கூட்டுதான்: ஓ, யு, எல் என்று தொடங்கி டி-யில் முடியும். பிரெஞ்சில் அந்தக் கடைசி டி ஊமை, ‘ஊல்கரே’ என்று வாசிக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் படித்தவர்கள் ‘அவுல்கரெட்’ என்று வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன். உழவர்கரைக்காரர்கள் பலகையைப் பார்ப்பதே இல்லை, உழவர்கரை என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்.